ஏழாம் கட்டிலின் நேரடி எண்

தூத்துக்குடியிலிருந்து வடக்கே போகிற சாலையில், உப்பளம் தொடங்கி, வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள் வந்து, இனி இது முடியவே முடியாது போலிருக்கிறதே என்று பஸ்ஸில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொள்ளும் இடத்தில் முள்ளங்கரை என்றோர் ஊர் உண்டு. அந்த ஊரின் கடைசியில், அதற்கப்பால் கடல்தான் என்கிற இடத்தில், ஆஸ்பத்திரிகள் கைவிட்டவர்களும் வீட்டில் வைத்துப் பார்க்க மாட்டாதவர்களும் வந்து படுக்கும் இளைப்பாறுதல் இல்லம் இருந்தது. அந்த இல்லத்தின் டெலிபோன்களையெல்லாம் பார்த்துக்கொண்டவள் ஜெபக்கனி.

ஜெபக்கனி தன் வாலிபத்தையெல்லாம் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசின் டெலிபோன் போர்டு முன்னால் உட்கார்ந்து கழித்தவள். அந்த ஆபீசை மூடியதும் இல்லத்துக்கு வேலைக்கு வந்தாள். வந்த புதிதில் இங்கே ஆபீஸ் அறையில் ஒரே ஒரு போன்தான் இருந்தது. யாராவது கூப்பிட்டால், ஆயா ஓடிப்போய் வார்டில் சொல்ல, படுத்திருப்பவரால் எழுந்து வர முடியாமல், கூப்பிட்டவர் காத்திருந்து காத்திருந்து வைத்துவிடுவார். இந்த உலகத்தில் இன்னும் கொஞ்சம் நாள் மட்டும் இருக்கப்போகிறவர்களை இப்படிக் காக்கவைப்பது ஜெபக்கனிக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வேண்டாமென்று தள்ளிய ஒரு கம்ப்யூட்டரை வாங்கிவந்து துடைத்து, அதையே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆக்கிவிடும் மென்பொருள் ஒன்றை அதில் ஏற்றினாள். அந்த மென்பொருள் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், திறந்து பார்க்கட்டும், தங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளட்டும் என்று பொதுவில் விட்டுவைத்தது. கட்டிலுக்கு ஒரு போன் வைத்தாள். கட்டிலுக்கு ஒரு நேரடி வெளி எண்ணும் வாங்கினாள். இந்த எண்ணைத் தேடி வருகிற அழைப்பு இந்தக் கட்டிலுக்குப் போகட்டும் என்று எண்ணுக்கு ஒரு வரி எழுதிவைத்தால் போதும். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிற பேச்சே கிடையாது, மும்பையில் இருக்கும் மகன் எண்ணைப் போட்டால் முள்ளங்கரையில் அப்பாவின் தலைமாட்டில் மணி அடிக்கும்.

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றாம் கட்டிலில் சந்தனமாரியின் போன் அடித்தது. ஆயுசு முழுக்க உப்புச் சுமந்த சந்தனமாரிக்கு முதுகெலும்பில் புற்று. அன்று காலையிலிருந்து அவள் முனகிய முனகலில் அடுத்த கட்டிலில் இருந்தவர்கள் தங்கள் வலியை மறந்திருந்தார்கள். கோவில்பட்டியிலிருந்து கூப்பிட்டவள் அவளுடைய தம்பி பெண்டாட்டி. "மதினி, எப்படி இருக்கிய?" என்று அவள் கேட்டதும் சந்தனமாரியின் முனகல் குழாயை மூடினாற்போல நின்றது. "இப்ப நல்லாருக்குளா," என்று தெளிவான குரலில் சொன்னாள். எழுந்து உட்கார்ந்தாள். டீ கேட்டாள். கோவில்பட்டியில் தம்பி பெண்டாட்டி முதுகைப் பிடித்துக்கொண்டு அடுப்படித் தரையில் சுருண்டு கிடந்தாள். அங்கே யாரோ ஓடிவந்து போனைப் பிடுங்கி வைத்த கணத்தில் அவளுடைய முதுகு சரியாகிவிட்டது, சந்தனமாரி இங்கே டீ டம்ளரைக் கீழே போட்டாள்.

நேரடி எண்ணில் கூப்பிட்டு, கட்டிலில் இருப்பவர் எடுத்துவிட்டால், போன் வைக்கப்படும் வரை அவருடைய வலி கூப்பிட்டவருக்குப் போய்விடுகிறது. இதைக் கண்டுபிடிக்க அந்த வாரமே போதுமாயிருந்தது. ஆபீஸ் எண்ணில் கூப்பிட்டால் போகாது, படுத்திருப்பவர் செல்போனில் பேசினால் போகாது, நேரில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாலும் போகாது. நேரடி எண் வழியாக வருகிறவர்களிடம் மட்டும் போகும். ஜெபக்கனி தான் எழுதிய வரிகளையெல்லாம் மறுபடி மறுபடி படித்துப் பார்த்தாள். வலியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இல்லத்தை நடத்திவந்த சிஸ்டர் பிலோமி சிலுவை போட்டுக்கொண்டு, "அந்தப் பிள்ளைய நாளைக்கும் கூப்பிடச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். வாரம் ஒருமுறை வரும் டாக்டர் கதிரவேலு இரண்டு தடவை நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, ஊசி போட வேண்டிய நேரம் எழுதும் இடத்தில் போன் வரவேண்டிய நேரத்தை எழுதினார். "எப்படி டாக்டர் இது?" என்று சிஸ்டர் கேட்டதற்கு, "மருந்து எப்படி வேலை செய்யுதுங்கறதே எனக்குப் பாதி தெரியாது சிஸ்டர்," என்றார்.

ஊர் அதை ஏற்றுக்கொண்ட விதம் இப்படி. முதலில் சொந்தக்காரர்கள் கூப்பிட்டார்கள், பிறகு சொந்தக்காரர்களின் அக்கம்பக்கத்தார் கூப்பிட்டார்கள், பிறகு யாரென்றே தெரியாதவர்களும் கூப்பிட்டார்கள். உப்பளத்துப் பெண்கள் மத்தியானக் கஞ்சி குடித்து முடித்ததும் பாத்திக் கரையில் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு கட்டிலுக்குப் போன் போட்டார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் முறை வைத்தார்கள். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வருகிறவர்கள் வேப்பமர நிழலில் துண்டை விரித்துக்கொண்டு, "ரெண்டாம் கட்டிலா, கொண்டா" என்று வாங்கிக்கொண்டார்கள். இதற்கென்று ஒழுங்குகளும் வந்தன: நின்றுகொண்டு கூப்பிடக் கூடாது, அடுப்புப் பக்கத்தில் கூடாது, வண்டியில் கூடாது, போனைப் பிடுங்கி வைக்கப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளும் வயிற்றுப் பிள்ளைக்காரிகளும் அந்த எண்களைத் தொடவே கூடாது. வலிகளையெல்லாம் தெருக்களைப் போல ஊருக்கு அடையாளம் தெரிந்தது. ஐந்தாம் கட்டில் வலி எலி மாதிரி கொறிக்கும், ஒன்பதாம் கட்டில் வலி அலை மாதிரி வந்து வந்து போகும் என்று பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் பேசிக்கொண்டார்கள். தேர்தல் சமயத்தில் ஒரு வேட்பாளர் போட்டோக்காரரோடு வந்து, கூப்பிட்டு, படம் எடுப்பதற்குள் வீல் என்று கத்திவிட்டுப் போனார். நான்காம் கட்டிலில் கிடந்தவரை மட்டும் அவருடைய பெண்டாட்டி கடைசிவரை கூப்பிடவில்லை. அவள் முதுகில் இருந்த தழும்புகளை அறிந்த ஊர், ஏன் என்று கேட்கவும் இல்லை.

போகப்போக இன்னொன்றும் தெரியவந்தது. ஒரே வலியை ஒரே உடம்பு திரும்பத் திரும்ப வாங்கினால், வலிக்கு அந்த உடம்பு பழகிவிடுகிறது. பழகிய உடம்புக்கு அது போகாது. எத்தனை தடவை கூப்பிட்டாலும் முனகல் மட்டும்தான் காதில் கேட்கும். அதனால் ஒவ்வொரு கட்டிலுக்கும் புதிது புதிதாக ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

அந்த ஆட்களில் எல்லோரும் மெச்சியவர் ஜெபக்கனியின் புருஷன் தவசிமுத்து. கேரளாவுக்கு உப்பு லோடு அடிக்கிற லாரி டிரைவர். லோடு ஏற்றி முடிக்கும்வரை கேபினில் கால் நீட்டிச் சாய்ந்துகொண்டு எந்தக் கட்டிலின் வலியையும் வாங்கிக்கொள்வார்; பல்லைக் கடித்தபடியே படுத்திருப்பவரோடு மழையைப் பற்றியும் மீனைப் பற்றியும் பேச்சுக் கொடுப்பார். பிறகு அவருக்கே இடுப்பில் ஒரு குத்தல் வந்தது. யாருடைய வலியோ ஒட்டிக்கொண்டுவிட்டது என்று முதலில் சிரித்தார். அது அவருடையதேதான் என்று மதுரையில் படம் எடுத்துச் சொன்னார்கள். புற்று எலும்புக்குள் இருந்தது, இடுப்பிலிருந்து தொடைக்கும் முதுகுக்கும் ஏறியிருந்தது. அவரை ஏழாம் கட்டிலில் கொண்டுவந்து கிடத்தியபோது, அந்தக் கட்டிலின் எண்ணுக்கு நேரே இருந்த வரியை ஜெபக்கனி ஒருமுறை சரிபார்த்துவிட்டு, மதில் ஓரமாகப் போய் உட்கார்ந்து, தன் செல்போனிலிருந்து முதல் ஆளாகக் கூப்பிட்டாள்.

வந்தது வலி என்கிற பேருக்குள் அடங்குவதாயில்லை. ஈரச் சேலையைப் பிழிகிற மாதிரி யாரோ அவள் எலும்பைப் பிழிந்தார்கள். ஆனாலும் வைக்கவில்லை. போனில் தவசிமுத்துவின் மூச்சு மெல்ல மெல்லச் சீராகி, அவர் தூங்கிப்போனது கேட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு தூங்கினார். மயங்கி விழுந்த ஜெபக்கனியின் கையிலிருந்து ஆயா வந்து போனைப் பிடுங்கும்வரை தூங்கினார். மறுநாளும் கூப்பிட்டாள், அதற்கு மறுநாளும் கூப்பிட்டாள். கொஞ்ச நாளிலேயே அவளுக்கு அது போகாமலாகிவிட்டது. மதிலோரம் உட்கார்ந்து எண்ணைப் போடுவாள், அவர் எடுப்பார், இரண்டு பேருக்கும் நடுவில் எதுவும் நகராது. அவர் முனகுவதை அவள் கேட்டுக்கொண்டிருப்பாள், அவள் அழுவதை அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவர்களுக்கு ஒரே மகள். ஷைனி. திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு முறை தங்காமல் போய், மூன்றாவதாக ஒரு கரு தங்கி ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. பயணம் கூடாது, படியேறக் கூடாது, அதிர்ச்சியே கூடாது என்று அங்கே டாக்டர் கட்டிலோடு வைத்திருந்தார். அப்பா படுத்துவிட்டார் என்று தெரிந்த அன்றே ஷைனி ஏழாம் கட்டிலின் எண்ணைக் கூப்பிட்டாள். ஆனால் அவள் கூப்பிடுவாள் என்று அவளைப் பெற்றவளுக்கு முன்கூட்டியே தெரியும். ஷைனியின் எண்ணிலிருந்தும் அவள் புருஷன் எண்ணிலிருந்தும் எது வந்தாலும் கட்டிலுக்குப் போகாமல் ஒரு பதிவுக்குத் திரும்பட்டும் என்று ஜெபக்கனி எழுதிவைத்துவிட்டாள். தன் குரலாயிருந்தால் மகள் வாதாடுவாள் என்று சிஸ்டர் பிலோமியைப் பேசவைத்துப் பதிவு செய்திருந்தாள்: நீங்கள் அழைத்தவர் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறார், பிறகு அழைக்கவும்.

"என் நம்பர மட்டும் ஏம்மா தடுத்து வச்சிருக்க?" என்று ஷைனி அம்மாவின் செல்போனில் கேட்டாள்.

"யார் தடுத்தா? அப்பா தூங்குதாவ."

"ஊரெல்லாம் வாங்குதாங்க. நான் வாங்கக் கூடாதா? எனக்கு என் அப்பா இல்லியா?"

"வயித்துல இருக்கது என்ன பாவம்டி செஞ்சுது?"

ஷைனி விடவில்லை. "அப்பாகிட்டக் குடு. உன் போனத்தான் குடு. சும்மா குரலக் கேட்டுக்கிடுதேன்," என்றாள். அதுவும் முடியாதிருந்தது. வலி இருக்கும்போது தவசிமுத்துவால் கத்தாமல் ஒரு சொல் பேச முடியாது. அந்தக் கத்தலை மகள் கேட்கக் கூடாதென்று அவர் ஜெபக்கனியிடம் சத்தியம் வாங்கியிருந்தார். வலி வேறொருவருக்குப் போயிருக்கும்போதோ அவர் தூங்கிவிடுவார். அந்தத் தூக்கத்தைத் தட்டி எழுப்ப ஜெபக்கனிக்குக் கை வரவில்லை. அதனால் மகளிடம் ஒவ்வொரு தடவையும், அப்பா தூங்குதாவ, அப்பா தூங்குதாவ என்றே சொன்னாள்.

ஊர் அவருக்காகக் கூப்பிட்டது, இல்லையென்று சொல்ல முடியாது. தங்களைப் பெற்றவர்களின் வலியை வாங்கினவர் என்று இறந்துபோனவர்களின் பிள்ளைகள் கூப்பிட்டார்கள், ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டார்கள், அவரோடு லோடு அடித்த டிரைவர்கள் சுங்கச்சாவடி ஓரங்களில் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார்கள். ஆனால் ஏழாம் கட்டிலை ஒருமுறை வாங்கியவர் இரண்டாம் முறை வாங்கவில்லை. வலிகளுக்கெல்லாம் உவமை சொல்லத் தெரிந்த ஊருக்கு அதற்கு ஓர் உவமை கிடைக்கவில்லை. கூப்பிட வேண்டிய நேரத்தில் கரண்ட் போயிற்று, சார்ஜ் இல்லை, மாமியாருக்குச் சுகமில்லை. மழைக்காலமும் பிறந்து உப்பளம் மூட, ஆட்களும் வேறு வேலை தேடி வெளியூர் போய்விட்டார்கள்.

அப்போதுதான் ஜெபக்கனிக்கு அந்த யோசனை வந்தது. பல பேரை ஒரே பேச்சில் சேர்த்துவிட அந்த எக்ஸ்சேஞ்சில் வழி இருந்தது. எல்லோரும் ஒரே அறைக்குள் நுழைந்தமாதிரி ஒருவரை ஒருவர் கேட்கலாம். ஒரு கட்டிலுக்கு ஓர் ஆள் என்பதால்தானே தாங்கவில்லை, சபை முழுக்க ஒரே நேரத்தில் கூப்பிட்டால் ஆளுக்கொரு துணுக்குத்தானே வரும், எறும்பு கடித்தமாதிரி இருந்துவிட்டுப் போகும் என்று அவள் நினைத்தாள். சபைப் போதகரிடம் போய்க் கெஞ்சினாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்திவிட்டு, பெஞ்சு பெஞ்சாக எல்லோரும் ஒரே நேரத்தில் எண்ணைப் போட்டார்கள். இல்லத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஜெபக்கனி எல்லோரையும் சேர்த்து, ஏழாம் கட்டிலோடு இணைத்தாள்.

வலி பங்காகவில்லை. ஒவ்வொருவருக்கும் முழுசாகப் போனது.

சபைக் கோயிலுக்குள் இருந்து வந்த சத்தத்தில் கூரைப் புறாக்கள் கடல்வரை பறந்தன என்றார்கள். பெஞ்சுகள் கவிழ்ந்தன. போனைப் பிடுங்கி வைக்க வேண்டிய ஆட்களும் அதே வலியில் கிடந்தார்கள். இல்லத்தில் தவசிமுத்து திடுக்கென்று கண் விழித்து, ரிசீவரில் கேட்ட ஓலத்தைக் கேட்டுத் தானே வைத்துவிட்டார். ஒருவரும் சாகவில்லை. அன்று நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அதற்குப் பிறகு ஏழாம் கட்டிலுக்கு யாரும் கூப்பிடவில்லை. மற்றக் கட்டில்களுக்கும் தயங்கித் தயங்கித்தான் கூப்பிட்டார்கள். ஜெபக்கனியைக் கடைத்தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போனார்கள். மளிகைக்கடைப் பாக்கியம் மட்டும் நேருக்கு நேர் பேசினாள். "ஒம் மேல எனக்குக் கோவம் இல்லக்கா. அண்ணன் எம் மாமனாரோடத எத்தன தடவ வாங்கியிருக்காவ. ஆனா அந்த நம்பரப் பாத்தாலே போனக் கீழ வச்சிருதேன். என்னைய விட்டுரு."

"ஒரே ஒரு நிமிஷம் பாக்கியம்."

"விட்டுரு அக்கா."

மாத்திரைகள் அவருக்கு மழைத்தூறல் மாதிரி மேலேயே நின்றன. இரவும் பகலும் அவர் கத்தியதில் குரல் போய், பிறகு குரல் இல்லாமலே கத்தினார். வாய் மட்டும் திறந்திருக்கும். அதைப் பார்ப்பது கேட்பதைவிடக் கொடுமையாயிருந்தது. "ஏங்க, நான் என்ன செய்யட்டும்? சொல்லுங்க," என்று ஜெபக்கனி அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டாள். அவர் கண்கள் அவளை அடையாளம் காணும் வேலையையும் நிறுத்தியிருந்தன.

அந்த நாட்களில்தான், எந்தக் கட்டிலுக்கும் சொந்தமில்லாமல் ஆபீசில் சும்மா கிடந்த எண் ஒன்றில் மணி அடித்தது. ஜெபக்கனி எடுத்தாள். "வணக்கம் சார், சென்னைக்கு மிக அருகில் வீட்டு மனை வாங்கற ஐடியா இருக்குங்களா?" என்றது ஒரு பெண் குரல். இல்லை என்று வைத்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. மறுநாள் இன்னொன்று. அந்த எண்ணை முன்பு வைத்திருந்தவர் எங்கேயோ மனை கேட்டுப் பதிந்திருக்க வேண்டும். ஜெபக்கனி அடித்துக்கொண்டிருந்த போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வார்டிலிருந்து சத்தமே வரவில்லை. சத்தமில்லாமல் திறந்திருக்கும் அந்த வாய் அவள் கண்ணுக்குள் நின்றது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, அந்த எண்ணுக்கு நேரே ஒரு வரி எழுதினாள். இந்த எண்ணைத் தேடி வருகிற அழைப்பு, ஏழாம் கட்டிலுக்கு.

மணி அடித்ததும் ஓடிப்போய் ரிசீவரை எடுத்து அவர் காதில் வைப்பாள். "வணக்கம் சார், சென்னைக்கு மிக..." என்பதோடு அந்தக் குரல் உடையும். அவர் மூச்சு இறங்கும். சிலர் உடனே வைத்துவிடுவார்கள். சிலர் என்ன நடக்கிறதென்று புரியாமல், வைக்கவும் தோன்றாமல் அலறிக்கொண்டிருப்பார்கள்; அப்படிப்பட்டவர்களால் அவர் கொஞ்சம் தூங்கினார். ஜெபக்கனி ரிசீவரை அவர் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்பாள். அந்தப் பக்கம் கேட்கும் குரல் யார் பெற்ற பிள்ளையுடையது என்று யோசிக்காமலிருக்க உதட்டுக்குள் ஏதாவது பாட்டைச் சொல்லிக்கொண்டிருப்பாள். சிஸ்டர் பிலோமியிடம் சொல்லவில்லை. சிஸ்டர் கேட்கவுமில்லை, ஏழாம் கட்டிலில் அமைதி வந்ததற்கு அவர் ஆண்டவரைத் துதித்தார்.

பிறகு ஒருநாள் ஆபீஸ் எண்ணில் அழைப்பு வந்தது. "மேடம், அங்க டெலிபோன் யாரு பாக்கறது? அவங்கதான் வேணும்."

"நாந்தான் சொல்லுங்க."

"எம் பேரு ஹேமலதா. சென்னைலேர்ந்து பேசறேன். ஒரு ரியல் எஸ்டேட் ஆபீஸ்ல கால் பண்ற வேலை. போன வாரம் உங்க நம்பர் ஒண்ணுக்குக் கூப்பிட்டேன். எனக்கு இடுப்புல..." அவள் நிறுத்தினாள். "எங்க டீம்ல நாலஞ்சு பேருக்கு அதே மாதிரி. எல்லாரும் அதே நம்பர் கூப்பிட்டவங்க. ஒரு பையன் சேர்லேர்ந்து விழுந்து தாடை உடைஞ்சு ஆஸ்பத்திரில கெடக்கான். ஃபிட்ஸ்னு சொல்லி அவனை வேலைய விட்டே எடுத்துட்டாங்க. நான் விசாரிச்சேன். உங்க ஊர்க்காரர் ஒருத்தர் எங்க ஏரியால டீக்கடை வச்சிருக்காரு, அவர் சொன்னாரு உங்க போனப் பத்தி. உண்மையா?"

ஜெபக்கனி பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். வாய் வரவில்லை. "உண்மைதாம்மா. எங்க வீட்டுக்காரருக்கு."

"எங்களுக்கு ஏன் போட்டீங்க?"

"வேற யாரும் இல்ல."

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா யாரு வாங்குவா?"

"அது எங்க இஷ்டம் மேடம். கேக்காம எங்க தலைல கொட்டிட்டீங்க. அவன் அம்மாவுக்கு அவன்தான் ஒரே பிள்ளை. நான் அன்னிக்கு செத்துட்டேன்னே நினைச்சேன், தெரியுமா?" அந்தப் பெண் அழத் தொடங்கி, அழுவதற்குக் கோபப்பட்டு, போனை வைத்துவிட்டாள்.

ஜெபக்கனி அந்த வரியை அழித்தாள். அதோடு நிற்கவில்லை. ஏழாம் கட்டிலுக்கு எந்த வழியாக எது வந்தாலும் முதலில் தன்னிடம் வரட்டும் என்று மாற்றி எழுதினாள். வருகிறவர்களிடம் சொன்னாள்: "இதை எடுத்தா எங்க வீட்டுக்காரரு வலி உங்களுக்கு வரும். ரொம்பப் பெரிய வலி. சம்மதமா?" தெரியாமல் கூப்பிட்டவர்கள் வைத்துவிட்டார்கள். தெரிந்தவர்கள் கூப்பிடவேயில்லை. சிஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். சிஸ்டர் பிலோமி தானே போய் ஏழாம் கட்டிலுக்குக் கூப்பிட்டார், தரையில் விழுந்தார், எழுந்தார், மறுநாளும் கூப்பிட்டார். வயசான உடம்பு சீக்கிரமே பழகிப்போயிற்று. அதற்குப் பிறகு யாருமில்லை. தவசிமுத்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். டாக்டர் கதிரவேலு வந்து பார்த்துவிட்டு, "மகளை வரச் சொல்ல முடியாதா?" என்றார். முடியாதென்று ஜெபக்கனி தலையசைத்தாள். "அப்ப போன்லயாவது," என்றார் டாக்டர். அதற்கும் தலையசைத்தாள்.

கார்த்திகை மாதத்து மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், ஏழாம் கட்டிலின் எண் ஜெபக்கனியின் மேசையில் அடித்தது. எடுத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லத் தொடங்கினாள்.

"தெரியும் மேடம். ஹேமலதா பேசறேன். அன்னிக்குப் பேசினேன்ல."

ஜெபக்கனி எழுந்து நின்றுவிட்டாள். "அந்தத் தம்பி எப்படி இருக்கான்மா?"

"தாடைக்குக் கம்பி போட்டிருக்கு. கஞ்சிதான் குடிக்கறான். உங்களை நான் ஒண்ணும் மன்னிக்கல, சரியா? அதுக்காகக் கூப்பிடல. அன்னிக்கு வலி வந்தப்போ, அதுக்குள்ள ஒரு ஆள் தூங்கற மூச்சு கேட்டுது. அது காதை விட்டுப் போக மாட்டேங்குது. இப்போ லஞ்ச் டைம். மொட்டை மாடில உக்காந்திருக்கேன். கூட ஒரு ஃப்ரெண்ட் இருக்கா, நான் சொன்னா போனைப் பிடுங்கிடுவா. இணைச்சு விடுங்க."

"உனக்கு என்னம்மா தலையெழுத்து?"

"நீங்க கேக்கறீங்கல்ல? நான் சரின்னு சொல்றேன். போடுங்க மேடம், எனக்குப் பயம் வர்றதுக்குள்ள."

ஜெபக்கனி இணைத்துவிட்டு வார்டுக்கு ஓடினாள். ரிசீவரை எடுத்து அவர் காதில் வைத்தாள். தவசிமுத்துவின் நெற்றியில் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. கை விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. வழக்கம்போலத் தூங்கிவிடுவார் என்று அவள் தலையணையைச் சரிசெய்தாள். அவர் தூங்கவில்லை. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளை அடையாளம் கண்டுகொண்டு பார்த்தார்.

"யாரு வாங்குதா?" போயிருந்த குரல் திரும்பியிருந்தது.

"மெட்ராஸ்ல ஒரு பிள்ள. ஹேமலதான்னு பேரு."

அவர் ரிசீவருக்குள் மெல்லப் பேசினார். "ஏம்மா, ரொம்ப வலிக்கா?"

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் இரைந்தது. பிறகு, பல்லிடுக்கில், "பரவால்ல... பேசுங்க... நீங்க பேச வேண்டியதப் பேசிக்கோங்க."

தவசிமுத்து ஜெபக்கனியிடம் கை நீட்டினார். "ஒன் போன எடு. ஷைனியக் கூப்பிடு."

அவள் இடுப்பில் செருகியிருந்த செல்போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு, அவருடைய இன்னொரு காதில் வைத்தாள். சாதாரண செல்போன், சாதாரண அழைப்பு. வலி மெட்ராஸில் ஒரு மொட்டை மாடியில் இருந்தது.

"அம்மா, சொல்லு," என்றது திருப்பூர்.

"அம்மா இல்லட்டி. அப்பா."

ஷைனிக்கு ஒரே மூச்சில் எல்லாம் வந்தது. "அப்பா! எப்பப்பா முழிச்சிய? ஏம்ப்பா எம் போன எடுக்கவே இல்ல? எத்தன தடவ கூப்பிட்டேன் தெரியுமா?"

அவர் ஜெபக்கனியைப் பார்த்தார். அவள் தலை கவிழ்ந்திருந்தாள். "தூங்கிட்டேன்ட்டி. லாரி ஓட்டுன அலுப்பெல்லாம் சேத்து வச்சுத் தூக்கம்."

"வலிக்குதாப்பா?"

"இப்ப இல்ல. நெசமாவே இல்ல. நீ எப்படி இருக்க? பிள்ள ஆடுதா?"

"ஒதைக்குப்பா. கியர் மாத்துத மாதிரி ஒதைக்கு."

தவசிமுத்து சிரித்தார். அடுத்த கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஷைனி பேசினாள், மாடிவீட்டுக்காரி கொண்டுவந்த நெல்லிக்காய் ஊறுகாயைப் பற்றி, தையல் மிஷின் சத்தத்தில் பிள்ளை தூங்குவதைப் பற்றி, ஆண் பிள்ளையாயிருந்தால் என்ன பேர், பெண் பிள்ளையாயிருந்தால் என்ன பேர் என்று பேசிக்கொண்டே போனாள். அவர் ம், ம் என்று கேட்டார். இன்னொரு காதில் ஹேமலதாவின் மூச்சு துண்டு துண்டாகிக்கொண்டிருந்தது. அவள் போதும் என்று சொல்லவில்லை. அவளுடைய சிநேகிதி, "வச்சிடுடி, வச்சிடு," என்று கெஞ்சுவது கேட்டது. வேண்டாம் என்று அவள் முனகுவதும் கேட்டது. தவசிமுத்து ஜெபக்கனியைப் பார்த்தார். அவருக்கு என்ன தோன்றிவிட்டதென்று அவளுக்குப் புரிந்தது. வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். இன்னும் கொஞ்சம், அந்தப் பிள்ளை இன்னும் போதும் என்று சொல்லவில்லையே என்று உதட்டை மட்டும் அசைத்தாள். ரிசீவரைப் பிடித்திருந்த அவர் கை மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

அவர் அந்தக் கையை மெதுவாக விலக்கினார். செல்போனைத் தோளோடு ஒதுக்கி, ரிசீவரை வாயருகே கொண்டுவந்தார்.

"போதும் தாயி. நல்லாரு," என்று ரகசியமாய்ச் சொல்லிவிட்டு, தன் கையாலேயே அதைக் கீழே வைத்தார்.

வலி ஏறுவதை ஜெபக்கனி பார்த்தாள். கால் விரல்கள் மடங்கின, தொடை விறைத்தது, கழுத்து நரம்பு கயிறுபோலப் புடைத்தது, பற்கள் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டன. அவள் செல்போனைப் பிடுங்கிக்கொள்ளப் பாய்ந்தாள், மகள் கேட்டுவிடக் கூடாதென்று. அவர் விடவில்லை. அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வளையல் நொறுங்குமளவு பிடித்துக்கொண்டார்.

"அப்பா? லைன்ல இருக்கியளா?" என்றாள் ஷைனி.

அவர் வாயைத் திறந்தார். ஜெபக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். வந்தது, பிசிறில்லாத, மழையைப் பற்றியும் மீனைப் பற்றியும் பேச்சுக் கொடுக்கிற அதே குரல்.

"இருக்கேன்ட்டி. பொம்பளப் பிள்ளைன்னா என்ன பேரு வைக்கப் போறேன்னு சொல்லிக்கிட்டிருந்த. சொல்லு, கேக்கேன்."